நீதா போடாத சத்தம்

டியூஷன் காசு கைக்கு வந்த நாள். கல்கத்தாவின் விளிம்பில் ஓர் அகதிக் குடியிருப்பு. அந்தக் காசோடு நீதா வீட்டுக்கு வருகிறாள். வழியிலேயே செருப்பு வார் அறுந்துவிட்டது. மளிகைக்கடைக்காரர் பழைய பாக்கியைப் பற்றி ஏற்கெனவே சாடையாகப் பேசிவிட்டார். வீட்டுக்குள் நுழைந்தால் தங்கைக்குப் புடவை வேண்டும், தம்பிக்குக் கால்பந்து பூட்ஸ் வேண்டும், அண்ணனுக்கு முகச்சவரம் செய்துகொள்ளக் காசு வேண்டும். யாரும் மிரட்டவில்லை. கொஞ்சுகிறார்கள், சீண்டுகிறார்கள், சிரிப்பு மூட்டுகிறார்கள். அவளும் சிரித்துக்கொண்டேதான் கொடுக்கிறாள். கடைசியில் புதுச் செருப்புக்குக் காசு இல்லை. அதை அவள் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நமக்குத்தான் உறுத்துகிறது.

வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக் 1960-இல் எடுத்த 'மேகே டாக்கா தாரா' இப்படித்தான் தொடங்குகிறது. மேகம் மூடிய தாரகை. ஷக்திபத ராஜ்குருவின் கதை, தினேன் குப்தாவின் ஒளிப்பதிவு, ஜோதிரிந்திர மொய்த்ராவின் இசை, நீதாவாக சுப்ரியா சௌத்ரி. பிரிவினை பற்றிய மூன்று படங்களில் முதலாவது என்று இதைச் சொல்வார்கள். அடுத்தவை 'கோமல் காந்தார்', 'சுவர்ணரேகா'. ஆனால் இதில் ஒரு கலவரக் காட்சி கிடையாது. எல்லையைத் தாண்டி மூட்டை முடிச்சோடு யாரும் நடக்கவில்லை. அதெல்லாம் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. மூங்கில் தட்டியும் ஓலையுமாக ஒரு வீடு, ஒருவர் சம்பாத்தியம், அதைச் சுற்றி ஐந்து பேர். அவ்வளவுதான் படம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நீதா கல்லூரியில் படித்துக்கொண்டே டியூஷன் எடுக்கிறாள். அண்ணன் சங்கர் சாஸ்திரிய சங்கீதம் பயில்கிறான், வேலைக்குப் போவதில்லை. அப்பாவின் பழைய மாணவன் சனத், அறிவியலில் ஆராய்ச்சி செய்பவன், நீதாவைக் காதலிக்கிறான். அவன் எழுதும் கடிதத்தில்தான் படத்தின் தலைப்பு வருகிறது: முதலில் உன் அருமை எனக்குத் தெரியவில்லை, இப்போது பார்க்கையில் நீ மேகத்தால் மறைக்கப்பட்ட நட்சத்திரம் போலத் தெரிகிறாய் என்கிறான். அப்பா விபத்தில் அடிபட்டு முடங்குகிறார். நீதா படிப்பை விட்டுவிட்டு ஆபீஸ் வேலைக்குப் போகிறாள். கொஞ்ச நாள் பொறு என்கிறாள் சனத்திடம். அவனுக்குப் பொறுமை இல்லை. தங்கை கீதாவைக் கட்டிக்கொள்கிறான். தம்பி ஆலைக்கு வேலைக்குப் போய் எந்திரத்தில் அடிபடுகிறான். சங்கர் பம்பாய்க்குப் போய்ப் பெரிய பாடகனாகத் திரும்புகிறான். அதற்குள் நீதாவுக்குக் காசநோய் முற்றிவிட்டது.

இப்படி எழுதிப் பார்த்தால் எண்பதுகளின் எந்தக் கண்ணீர்ப் படத்துக்கும் இந்தக் கதை பொருந்தும். அதனால்தான் இதைத் 'தியாகத்தின் கதை' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வார்த்தையில் உடன்பாடு இல்லை. தியாகம் என்றால் ஒருத்தி உட்கார்ந்து யோசித்து, இதை விட்டுக்கொடுக்கிறேன் என்று முடிவெடுக்க வேண்டும். நீதா எங்கேயும் அப்படி முடிவெடுப்பதில்லை. இந்த மாதம் சமாளித்துவிடலாம் என்றுதான் ஒவ்வொரு மாதமும் நினைக்கிறாள். அப்பா குணமானதும் சரியாகிவிடும், அண்ணன் பாட்டில் பெயர் வாங்கியதும் சரியாகிவிடும், தம்பிக்கு ஒரு வேலை கிடைத்ததும் சரியாகிவிடும். அந்த நம்பிக்கைதான் இந்த வீட்டில் இருப்பதிலேயே பெரிய மாயை. அதை வைத்திருப்பவளும் அவள்தான்.

மாயை இல்லாதவள் அந்த வீட்டில் ஒரே ஒருத்தி. அம்மா.

படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அம்மாவைப் பெரும்பாலும் வில்லியாகத்தான் எழுதுகிறார்கள். காரணமும் இருக்கிறது. மூத்தவளின் காதலனை இளையவள் பக்கம் நகர்த்திவிடுவதில் அவளுக்குப் பங்கு உண்டு. வாய் திறந்தால் முள். புருஷனைக் கரித்துக்கொட்டுகிறாள், மூத்த மகனைத் தண்டச்சோறு என்கிற மாதிரி பேசுகிறாள். கீதா டே நடித்திருக்கிறார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை; மகனாக நடித்த அனில் சட்டர்ஜியை விட இளையவர் என்றால் நம்ப முடிகிறதா? கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், எந்நேரமும் எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிற முகம்.

ஒரு காட்சி. வெளியே நீதாவும் சனத்தும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அம்மா அந்தப் பக்கம் இருந்து கவனிக்கிறாள். கேமரா அவள் முகத்துக்கு வருகிறது. வசனம் எதுவும் இல்லை. அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் மட்டும் மெல்ல ஏறுகிறது, ஏறிக்கொண்டே போகிறது, ஒரு கட்டத்தில் அடுப்படியில் இருந்து வரும் சத்தமாக இல்லாமல் அவளுக்குள்ளிருந்து வரும் சத்தமாகவே ஆகிவிடுகிறது. அந்த முகத்தில் கோபம் இல்லை, பொறாமையும் இல்லை. பயம் இருக்கிறது.

நான் இந்தப் படத்தை என் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அவளுக்கு வங்காளம் தெரியாது. சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்கு ஆங்கிலம் படிப்பதிலும் விருப்பமில்லை. நான் அவ்வப்போது கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். சனத்துக்கு இளையவளைக் கட்டிக்கொடுக்கும் இடம் வந்ததும் நான் நீதாவின் அம்மாவைத் திட்ட ஆரம்பித்தேன். அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அவளைச் சொல்லி என்னடி பிரயோஜனம்? பெரியவளையும் கட்டிக்கொடுத்துட்டா நாளைக்கு உலைல என்னத்தப் போடுவா?” என்றாள். அடுப்புச் சத்தத்தைப் பற்றி நான் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவள் காதில் அது நேராக விழுந்திருக்கிறது. எனக்குத்தான் சினிமாப் புத்தகம் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அந்த அம்மாவின் மேல் நியாயமாகக் கோபப்பட முடியும். மேற்கே பஞ்சாபில் பிரிவினை ஒரே வீச்சில் ஜனங்களை இடம் மாற்றியது. கிழக்கே வங்காளத்தில் அப்படி இல்லை. 1947-இல் கொஞ்சம், 1950-இல் கலவரம் வெடித்தபோது நிறைய, அப்புறமும் அலை அலையாக வந்துகொண்டே இருந்தார்கள். அரசு முகாம்களில் இடம் போதவில்லை. கல்கத்தாவுக்குத் தெற்கே யாதவ்பூர் பக்கம் காலியாகக் கிடந்த நிலங்களில் தாங்களாகவே புகுந்து குடிசை போட்டுக்கொண்டார்கள். விஜய்கட் குடியிருப்பு ராணுவம் விட்டுப் போன பழைய முகாமில் எழுந்தது. ஊரில் நிலமும் தோப்பும் வைத்திருந்தவர்கள், கீட்ஸும் வேர்ட்ஸ்வொர்த்தும் மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கள், இங்கே பட்டா இல்லாத இடத்தில் தட்டி வீட்டில் இருந்தார்கள். பெண்களை வெளியே அனுப்பாத குடும்பங்களின் பெண்கள் டியூஷன், டைப்பிங், ஆபீஸ் என்று கும்பலாக வேலைக்குப் போனது அந்தக் காலத்தில்தான். இந்தப் படம் வந்து மூன்று வருடம் கழித்து சத்யஜித் ராய் 'மஹாநகர்' எடுத்தபோது, வேலைக்குப் போகிற மருமகள் அந்த வீட்டில் அதிர்ச்சியாக இருந்தாள். கட்டக்கின் அகதி வீட்டில் அந்த அதிர்ச்சிக்கெல்லாம் நேரமே இல்லை. போகாவிட்டால் சோறு இல்லை.

கட்டக்கும் டாக்காவில் பிறந்தவர்தான், 1925-இல். அவருடைய இரட்டைச் சகோதரி எல்லைக்கு அந்தப் பக்கமே வாழ்க்கைப்பட்டுத் தங்கிவிட்டார். அவர் படங்களில் அண்ணன் தங்கை பாசம் காதலை விட ஆழமாக ஓடுவதை இதோடு சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சுப்ரியா சௌத்ரியின் கதை அதைவிடச் சுவாரசியம். பர்மாவில் மிட்கினாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் உள்ளே வந்தபோது, குழந்தையாக இருந்த அவரோடு குடும்பமே நடந்து கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. பர்மாவிலிருந்து நடந்தே வந்த கதைகள் நம் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளிலும் தஞ்சாவூர் வீடுகளிலும் நிறைய உண்டு. நீதா கோபமே இல்லாமல் செருப்பைப் பார்க்கும் அந்தப் பார்வைக்கு நடிப்பு மட்டும் காரணமா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, சத்தத்துக்கு வருகிறேன். நான் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நீதா எதிர்த்துப் பேசாதவள். படத்தின் பிற்பகுதியில் சனத் மறுபடி வந்து நிற்கும்போது அவளே சொல்கிறாள்: அநியாயத்தை நான் ஒருநாளும் எதிர்க்கவில்லை, அதுதான் என் பாவம் என்று. அப்படி அவள் முழுங்கியதையெல்லாம் கட்டக் ஒலிப்பதிவில் வெளியே எடுத்துவிடுகிறார். அவள் போடாத சத்தத்தைப் படம் போடுகிறது.

சனத் குடியிருக்கும் புது வீட்டுக்கு நீதா போகிறாள். ஆராய்ச்சியை விட்டுவிட்டு வேலைக்குச் சேர்ந்திருக்கிறான் என்று தெரிகிறது. உள்ளே வேறொரு பெண் இருக்கிறாள் என்று தெரிகிறது. அவள் யார் என்பதும் புரிந்துவிடுகிறது. நீதா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாடிப்படி இறங்கி வருகிறாள். கேமரா கீழேயிருந்து பார்க்கிறது. கழுத்தில் கை, நிமிர்ந்த முகம். அப்போது கேட்கிறது சவுக்கடி. யார் யாரை அடிக்கிறார்கள் என்று நாம் சுற்றுமுற்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே சவுக்கும் இல்லை, ஆளும் இல்லை. பழைய, தேய்ந்த பிரதியில் இதைக் கேட்டால் ஒலிப்பதிவில் ஏதோ கோளாறு என்றுதான் தோன்றும். நல்ல பிரதியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டால் நம் முதுகில் விழுகிறது.

அந்தச் சவுக்கு மறுபடி வருகிறது. கீதாவின் கல்யாணத்தை ஒட்டி, பாட வேண்டியிருக்கும் என்று சொல்லி நீதா அண்ணனிடம் ஒரு பாட்டுக் கற்றுத்தரக் கேட்கிறாள். இருவரும் இருட்டில் உட்கார்ந்து தாகூரின் பாட்டு ஒன்றைப் பாடுகிறார்கள். புயலில் என் கதவுகள் உடைந்த அந்த இரவில், நீ என் வீட்டுக்கு வந்தது எனக்குத் தெரியவில்லை என்று தொடங்கும் பாட்டு. சங்கருக்குக் குரல் தேவவிரத விஸ்வாஸ். தட்டியின் இடுக்குகள் வழியாக வெளிச்சம் கோடு கோடாக விழுகிறது. பாட்டின் ஊடே சவுக்கு ஒன்று, இரண்டு என்று ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் அவள் உடைந்து அழும்போது, பாட்டு நின்றதால் அழுகிறாளா, அடி தாங்காமல் அழுகிறாளா என்று பிரிக்க முடியாது. மிகைதான். கட்டக் மிகைக்குக் கூச்சப்படாதவர். நாமும் கூச்சப்படாத மரபில் வந்தவர்கள்தானே. கூத்தில் கட்டியக்காரன் வந்து நின்று சொல்வதை நாம் இயற்கைக்கு மாறானது என்று சொல்வதில்லை.

இன்னொரு பாட்டும் அடிக்கடி வந்துபோகிறது, பின்னணியில், யாரும் பாடாமலே. வா உமா, உன்னை மடியில் ஏந்திக்கொள்கிறேன் என்று தாய் மகளை அழைக்கும் நாட்டுப்புறப் பாட்டு. வங்காளத்தில் துர்க்கை என்பவள் வருடத்துக்கொரு முறை பிறந்த வீட்டுக்கு வரும் மகள். நாலு நாள் இருந்துவிட்டுக் கைலாயத்துக்குத் திரும்பிப் போய்விடுவாள். நீதா பிறந்தது ஜகத்தாத்ரி பூஜை நாளில் என்று படத்தில் சொல்கிறார்கள். உலகத்தைத் தாங்குகிறவள் என்று கும்பிடப்படுகிற தெய்வத்தின் நாளில் பிறந்த பெண், ஐந்து பேரைத் தாங்கிவிட்டு மலைக்கு அனுப்பப்படுகிறாள். சிறுவயதில் அண்ணனும் தங்கையும் மலையில் எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்று வீட்டில் இருக்கிறது. அந்த மலைக்குத் திரும்பப் போக வேண்டும் என்பதுதான் அவள் தனக்காக வைத்திருக்கும் ஒரே ஆசை. இப்படிப் புராணத்தை மேலே பூசுவது பலருக்கும் பிடிக்கிறது. என்னைக் கேட்டால், பெண்ணைத் தெய்வமாக்கித்தான் எல்லா வீட்டிலும் வேலை வாங்குகிறார்கள். கட்டக் அதைக் கும்பிடுகிறாரா, குத்திக்காட்டுகிறாரா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. அந்தப் பாட்டு ஒலிக்கும் இடங்களை வைத்துப் பார்த்தால் குத்திக்காட்டுகிறார் என்ற பக்கம்தான் சாய்கிறேன். தாய் மடிக்கு அழைக்கும் பாட்டு ஒலிக்கும்போதெல்லாம் இந்த வீட்டில் மகளை வெளியே தள்ளும் ஏதோ ஒன்று நடக்கிறது.

அப்பா அவளை வெளியே போகச் சொல்லும் இரவு அப்படித்தான். புயல், மழை. மகள் நோயோடு ஒதுங்கியிருக்கும் அறைக்கு வருகிறார் கிழவர். இவர்கள் இப்போது மாடி வீட்டுக் கனவில் இருக்கிறார்கள், நீ அவர்களுக்குச் சுமையாகிவிட்டாய், போய்விடு அம்மா என்கிறார். கொடுமையா, கருணையா? இரண்டும்தான். போகும்போது நீதா எடுத்துக்கொள்வது அந்த மலைப் போட்டோவை. அப்பாவாக நடித்த பிஜோன் பட்டாச்சார்யா, 1944-இல் வங்காளப் பஞ்சத்தைப் பற்றி 'நவான்ன' நாடகம் எழுதியவர், இப்டா என்ற இடதுசாரி நாடக இயக்கத்தின் தூண்களில் ஒருவர். அவர் இந்தப் படத்தில் செய்வதில் எனக்கு மறக்கவே முடியாதது வேறு ஓர் இடம். நீதாவின் நோய் வீட்டில் அம்பலமாகும்போது அவர் விரலை நீட்டி ஆங்கிலத்தில் கத்துகிறார்: 'ஐ அக்யூஸ்!' குற்றம் சாட்டுகிறேன் என்று. யாரை என்று கேட்கிறான் மகன் சங்கர். நீட்டிய விரல் தொங்கிவிடுகிறது. யாரையும் இல்லை என்கிறார்.

அந்த விரல் எங்கே திரும்பியிருக்க வேண்டும்? எனக்கு ஒரு பதில் இருக்கிறது. அது கேள்வி கேட்டவன் பக்கமே.

சங்கரை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், அதுதான் எரிச்சல். அனில் சட்டர்ஜி அவ்வளவு இனிமையாக நடித்திருக்கிறார். நீதாவைப் புரிந்துகொண்டவன் அந்த வீட்டில் அவன் ஒருவன்தான். சனத்தின் கடிதத்தைப் பிடுங்கி அவளைக் கேலி செய்யும்போது வீட்டுக்கே வெளிச்சம் வருகிறது. ஆனால் காலையில் ஆற்றங்கரையில் சாதகம், சாயங்காலம் தங்கையிடம் கைநீட்டல். அவள் படிப்பை நிறுத்தும்போதும் அவன் ராகம்தான் பாடிக்கொண்டிருந்தான். கலைஞனுக்கு அவகாசம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அந்த அவகாசத்தை யார் வாங்கிக்கொடுத்தது என்பதைப் படம் சொல்கிறது. ஆனால் அதற்காக அவனைக் கடிந்துகொள்வதில்லை. சனத்துக்கும் கீதாவுக்கும் அம்மாவுக்கும் முகத்தில் அறைகிற மாதிரி நெருக்கக் காட்சிகள் வைத்த கட்டக், சங்கரை மட்டும் செல்லமாகவே வைத்திருக்கிறார்.

இதில் இன்னொரு சங்கடம். சங்கர் பாடும்போது எனக்குக் கோபம் நிற்பதில்லை. அவன் பாடுவது ஹம்சத்வனி. ஆமாம், நம்ம ஊர் ஹம்சத்வனிதான். ராமஸ்வாமி தீட்சிதர் உருவாக்கியது, அவர் மகன் முத்துஸ்வாமி தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்' வழியாக ஒவ்வொரு கச்சேரிக்கும் வந்துவிடுவது. அது வடக்கே போய் ஹிந்துஸ்தானியிலும் இடம்பிடித்தது. படத்தில் சங்கருக்காகப் பாடியவர் பண்டிட் ஏ. டி. கானன். அவரும் மெட்ராஸில் பிறந்தவர். கல்கத்தாவில் வேர்விட்டு ஹிந்துஸ்தானிப் பாடகராகப் பெயர் பெற்றார். மெட்ராஸ்காரர் குரலில், தென்னிந்திய ராகம், கிழக்கு வங்காள அகதியின் வாயிலிருந்து. பம்பாயிலிருந்து பெயரும் புகழுமாகத் திரும்பி வரும் சங்கரிடம் குடியிருப்பே மரியாதை காட்டுகிறது. நேற்றுவரை கரித்துக்கொட்டிய கடைக்காரரும் சேர்த்துத்தான்.

அப்படித் திரும்பி வந்தவன் பழையபடி தங்கையைச் சீண்டப் போகிறான். அவள் எதையோ பின்னால் மறைக்கிறாள். காதல் கடிதம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே பிடுங்குகிறான். கையில் வருவது ரத்தம் தோய்ந்த கைக்குட்டை. முன்பு கடிதத்துக்காக நடந்த அதே விளையாட்டு, அதே சிரிப்பு, அதே இழுபறி. ஒரு நடிகனின் முகம் சிரிப்பிலிருந்து இறங்கும் வேகத்தை இங்கே பார்க்க வேண்டும்.

காசநோய் விஷயத்தில் ஒரு சின்ன விலகல். 1960-இல் காசநோய் வந்தால் சாவுதான் என்ற நிலை இல்லை. அதற்கான மருந்து ஸ்ட்ரெப்டோமைசின் வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மலைக்காற்றும் சானடோரியம் என்ற காசநோய் விடுதியும் அவசியமா என்று பார்க்க 1956-இல் சென்னையில் ஒரு மையம் தொடங்கி, நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்திலும் மீதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். ஏழை வீடு, சத்துக் குறைந்த சாப்பாடு, நெரிசல், எதுவும் மருந்தைத் தடுக்கவில்லை. உலகம் முழுக்க சிகிச்சை முறையை மாற்றிய ஆய்வு அது. அதற்கு அடுத்த வருடம் வந்த படத்தில் நீதா ஷில்லாங் சானடோரியத்துக்குப் போகிறாள். கட்டக்கை நான் குறை சொல்லவில்லை. ஆய்வு முடிவு மறுநாளே கல்கத்தா குடிசைக்கு வந்துவிடாது. ஆனால் இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் கதையின் கூர்மை கூடுகிறது. மருந்து இருந்தது. இருமல் வந்த முதல் மாதத்திலேயே டாக்டரிடம் போகக் காசும் லீவும், போ என்று அதட்ட ஒரு ஆளும் இருந்திருந்தால் போதும். அவள் மறைத்தாள். மறைக்க முடிந்தது, ஏனென்றால் அந்த வீட்டில் யாரும் அவளை உற்றுப் பார்க்கவில்லை.

ஷில்லாங்கில் சங்கர் அவளைப் பார்க்க வருகிறான். மலைச் சரிவில் இருவரும். மாடி கட்டியாகிவிட்டது, கீதாவின் பையன் தத்தித் தத்தி மாடிப்படி ஏறுகிறான், ஒரு நிமிஷம் சும்மா இருப்பதில்லை என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போகிறான். நல்லெண்ணத்தில்தான். அப்போதுதான் நீதா வெடிக்கிறாள். தாதா (அண்ணா), நான் வாழத்தான் ஆசைப்பட்டேன், நான் பிழைப்பேன் என்று சொல்லு தாதா என்று அவனைப் பிடித்துக்கொண்டு கதறுகிறாள். கேமரா அவளை விட்டு மலைகளைச் சுற்றத் தொடங்குகிறது, ஒரு முழு வட்டம். அவள் குரல் மட்டும் மலையில் பட்டுத் திரும்பித் திரும்பி வருகிறது.

படம் முழுக்க சவுக்கும் கொதியும் பேசியதை, இங்கே முதல்முறையாக அவள் வாயே பேசுகிறது. பின்னணி ஒலிக்கு இனி வேலை இல்லை. இந்தக் காட்சியை யூடியூபில் தனியாக வெட்டிப் போட்டிருக்கிறார்கள், பலரும் அதை மட்டும் பார்த்து நெகிழ்கிறார்கள். தனியாகப் பார்த்தால் அது வெறும் அழுகைதான். அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் அவள் எதற்கும் குரல் உயர்த்தாததைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அந்தக் கத்தலின் எடை தெரியும்.

தமிழில் இதைப் பேசினால் 'அவள் ஒரு தொடர்கதை'க்கு வராமல் இருக்க முடியாது. 1974, கே. பாலசந்தர், சுஜாதா. கட்டக் படத்தின் பாதிப்பு அதில் உண்டு என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். சம்பாதிக்கிற மகள், பொறுப்பில்லாத அண்ணன், கைமாறிப் போகிற காதலன், எல்லாம் இருக்கிறது. ஆனால் பாலசந்தர் ஒரு காரியம் செய்தார். தன் நாயகிக்கு வாயைக் கொடுத்தார். கவிதா வீட்டுக்குள் நுழைந்தால் வீடே அடங்குகிறது. சம்பளத்தைக் கொடுக்கும்போதே சுருக்கென்று ஒரு வார்த்தையும் சேர்த்துத்தான் கொடுக்கிறாள். அண்ணனை வைத்துக்கொண்டு அவள் பேசுகிற பேச்சு, சங்கரைப் பார்த்து நான் பேச நினைத்த பேச்சு. ஒரு தலைமுறைத் தமிழ்ப் பெண்கள் அந்தப் படத்தைக் கொண்டாடியதற்கு அந்த வாய்தான் காரணம் என்பேன். அப்படிப் பேசியும் அவள் கல்யாணம் நடக்கவில்லை, பழைய வேலைக்கே திரும்பினாள் என்பது வேறு விஷயம். அந்தக் கதை 1977-இல் 'கவிதா' என்ற பெயரில் வங்காளத்துக்கே திரும்பிப் போனது; மாலா சின்ஹா நடித்தார், கமல்ஹாசனும் இருந்தார்.

கட்டக் உயிரோடு இருந்தவரை ஓடி வசூலித்த படம் என்றால் 'மேகே டாக்கா தாரா' மட்டும்தான். அடுத்த வருடமே எடுத்த 'கோமல் காந்தார்' தோற்றுக் கையைக் கடித்தது. அப்புறம் குடி, கடன், எடுத்த படங்கள் வருடக்கணக்கில் வெளிவராமல் கிடப்பது. இடையில் கொஞ்ச காலம் புனே திரைப்படக் கல்லூரியில் பாடம் எடுத்தார். அங்கே அவரிடம் படித்த ஜான் ஆபிரகாம்தான் பின்னாளில் தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தவர். 1976-இல், ஐம்பது வயதில் கட்டக் இறந்துபோனார்.

இதைப் பார்த்து முடித்தவர்கள் அடுத்து 'சுவர்ணரேகா' பார்க்கலாம். 1965-இல் வெளிவந்தது. அதிலும் அகதி அண்ணன், அகதித் தங்கை. ஈஸ்வர் என்ற அந்த அண்ணன் நல்லவன், தங்கையைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவன், கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வசதிக்குச் சாய்கிறவன். ஒருநாள் இரவு குடித்துவிட்டு அவன் எந்த வாசலில் போய் நிற்கிறான் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சங்கரைச் செல்லம் கொடுத்து விட்டுவைத்த கட்டக், ஈஸ்வரை விடவில்லை.